அந்த எண்ணெயை வடித்துவிடு

ராசா,

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்துக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டதாக நினைத்து நீ திரும்பத் திரும்ப எடுத்தாய். லைன் அறவில்லை, நான்தான் வைத்தேன். பொந்தார்லியேயில் வீடு நன்றாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது, வேலையிடத்து ஆட்கள் நல்லவர்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. பிறகு, "அம்மா, வெளிக்கிட முதல் குணம் சித்தப்பாவிட்டைக் காரைக் காட்டினனான். எண்ணெய் மாத்தித் தந்தவர். காசு வேண்டேல்லை" என்றாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். நீ அதைச் சந்தோஷமாகச் சொன்னாய். அந்த மனிதனின் பெயர் எங்கள் வீட்டில் ஏன் எடுபடுவதில்லை என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா சொல்லவிடவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் என்னைக் கேள், வேறு யாரையும் கேட்காதே. இதன் ஒரு பிரதியை, பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் விற்கும் நம்முடைய மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். ஆசிரியர் என்னிடம் தினமும் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறவர், போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு எழுதுகிறதை ஏன் ஊருக்குக் காட்டவேண்டும் என்று நீ கேட்கலாம். குணமும் வாசிக்கவேண்டும், அதனால்தான்.

முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ இனி இருக்கப்போகிற இடம் பிரான்சிலேயே குளிர் கூடிய இடங்களில் ஒன்று. நீ வளர்ந்த சார்செல் குளிரை வைத்து அதைக் கணக்குப் போடாதே. சின்ன வயதில் உனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பார்த்திருப்பாய். குளிர்காலத்தில் குளியலறையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் மெழுகுபோல இறுகிவிடும், சுடுதண்ணீரில் வைத்து இளக்குவேன். அதே குளிரில் குசினியில் இருக்கிற நல்லெண்ணெய் இறுகாது, சரித்தால் ஓடும். எஞ்சின் எண்ணெயிலும் இப்படி வேறுபாடு உண்டு. கார் நிற்கும்போது எண்ணெய் முழுவதும் அடியில் போய்த் தங்கிவிடும். காரை எடுக்கத் திறப்பைத் திருப்பியதும் அது உடனே மேலேறி எல்லா இடத்துக்கும் போகவேண்டும். தடித்துப்போனால் ஏறாது. எஞ்சினைச் சுழற்றவே ஸ்டார்ட்டருக்குப் பலம் போதாது. எப்படியோ பிடித்துவிட்டாலும், எண்ணெய் போய்ச் சேரும்வரை மேலே இரும்போடு இரும்பு உரசும்.

டப்பாவில் இரண்டு எண்கள் இருக்கும், நடுவில் டபிள்யூ என்ற எழுத்து. முன்னால் இருக்கிற எண்தான் குளிருக்கு. அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு குளிரிலும் எண்ணெய் ஓடும். உன்னுடைய மலைக்கு அது பூச்சியமாகவோ ஐந்தாகவோ இருப்பது நல்லது. பின்னால் இருக்கிற எண் எஞ்சின் சூடானபிறகு எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்வது. அதை உன் இஷ்டத்துக்கு மாற்றாதே. காரோடு வந்த புத்தகத்தில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கும், டீசல் காருக்கு அதற்குரிய தரக் குறியீடும் இருக்கும். டப்பாவிலும் அதுவே இருக்கிறதா என்று பார். காலையில் பிடித்தவுடன் உறுமவிடாதே. கொஞ்சத் தூரத்துக்கு மெதுவாக ஓட்டு, அது தானாகச் சூடாகும். இதையெல்லாம் நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஆத்திரத்தில் படித்தேன்.

குணம் உன் அப்பாவின் சித்தப்பா மகன். நாங்கள் சார்செலுக்கு வந்த புதிதில் அவன் நான்கு கார் நிற்கிற ஒரு கொட்டிலில் மெக்கானிக் வேலை செய்துகொண்டிருந்தான். நான் வீட்டில் ரோல்ஸும் பற்றிஸும் வடையும் செய்து விடியற்காலையில் வான் வண்டியில் கொண்டுபோய் லாச்சப்பல் கடைகளுக்குப் போடுவேன். அப்பா உணவகக் குசினியில் நின்றார். ஆகவே வானும் என்னுடையது, ஓட்டமும் என்னுடையது. அதைப் பழுது பார்க்கிறது மட்டும் குணம். வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. சொந்தக்காரன், அண்ணி அண்ணி என்று பின்னால் வருகிறவன், நம்பினேன்.

ஒரு மாசி மாதம் சுவிஸிலிருந்து உன் மாமா போன் எடுத்தான். என் அப்பாவை, உன் அம்மப்பாவை, பேர்ண் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். "அக்கா, டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். அப்பா உன்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். கெதியா வா" என்றான். நீ அப்போது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாய். அப்பா உன்னோடு நிற்க, நான் தனியாகப் போவதென்று முடிவாயிற்று. வானுக்கு எண்ணெய் மாற்றவேண்டிய காலம் வந்திருந்தது. அதனால் நேரே குணத்திடம் போனேன். எங்கே போகிறேன், ஏன் போகிறேன், வழியெல்லாம் பனி என்று ரேடியோவில் சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"குளிருக்குத் தோதானதாப் பார்த்து ஊத்தும் குணம்" என்றேன்.

"அண்ணி, நீங்கள் போய்த் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வாங்கோ. அங்கத்தைக் குளிருக்கெண்டே இருக்கிற எண்ணெயை ஊத்திவிடுறன். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றான்.

நான் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். எஞ்சினுக்கு மேல் பொனற்றை அடித்து மூடி, கையைத் துணியில் துடைத்து, "போட்டு வாங்கோ" என்று வழியனுப்பினான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

லாங்கர் என்ற ஊர் வரை வான் நன்றாக ஓடியது. அதற்கு அப்பால் பனியால் பாதையை மூடிவிட்டார்கள். பொலிஸ்காரர் எல்லோரையும் ஊருக்குள் திருப்பிவிட்டார்கள். பாதையோரத்து விடுதி ஒன்றில் அறை எடுத்து, விடிந்ததும் புறப்படலாம் என்று படுத்தேன். உன் மாமாவிடம் சொன்னேன். அவன் எங்கள் அப்பாவின் காதில் "அக்கா வந்துகொண்டிருக்கிறாள்" என்று சொன்னதாகச் சொன்னான். காலையில் எழுந்து பார்த்தால் பாதையைத் திறந்துவிட்டிருந்தார்கள். லொறிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதிரே மருந்துக்கடையின் பச்சைச் சிலுவையில் மைனஸ் பதினெட்டு என்று விட்டுவிட்டு ஒளிர்ந்தது. திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுழலவில்லை, நோயாளி புரண்டு படுக்க முயல்வதுபோல ஒரு முறை முனகியது. மறுபடி திருப்பினேன், அந்த முனகலும் தேய்ந்தது. பிறகு வெறும் டிக் என்ற சத்தம் மட்டும்.

என்னைச் சுற்றி நின்ற வான்களும் கார்களும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் புறப்பட்டன. ஒருவர் வயர் கொண்டுவந்து தன் பாட்டரியைக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் பிடிக்கவில்லை. ரெயிலில் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். அந்தப் பக்கத் தண்டவாளங்கள் உறைந்து ரெயில்கள் நின்றுவிட்டன. டாக்சிக்காரர்கள் இவ்வளவு தூரம் வரமாட்டோம் என்றார்கள். இழுத்துப்போகிற வண்டிக்குப் போன் அடித்தால் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நான் வானுக்குள் இருந்து உன் மாமாவோடு கதைத்துக்கொண்டே இருந்தேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. மூச்சு வாங்க வாங்க, "வான் வந்திட்டுதோ?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வான் வந்திட்டுதோ?" உன் மாமா, "வருது அப்பா, வருது" என்றான். மதியத்துக்குச் சற்று முன் அவன் போனை அப்பாவின் காதில் வைத்தான். "அப்பா, நான் வாறன்" என்றேன். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இழுவை வண்டி வந்தது. அதை ஓட்டி வந்தவர் வயதான பிரெஞ்சுக்காரர். என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பொனற்றைத் திறந்து, எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்தார். அது இலகுவில் வரவில்லை. வந்தபோது நுனியில் எண்ணெய் சொட்டாமல் பசைபோலத் தொங்கியது. "மதாம், இதை யார் ஊற்றியது? இது சூட்டு நாட்டு எண்ணெய். இந்த வானுக்கு உரியதே அல்ல" என்றார். தன்னுடைய கொட்டிலுக்கு இழுத்துப்போய், சூடேற்றி, அதை வடித்து, சரியான எண்ணெயை ஊற்றினார். பாட்டரியில் பழுதில்லை என்று சோதித்துக் காட்டினார். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் ஓவென்று அழுதேன். புறப்படும்போது, வடித்த எண்ணெயில் ஒரு போத்தல் தரச்சொல்லிக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அவர் தந்தார். என் அப்பாவின் முகத்தை நான் பேர்ணில் பிணவறைக் குளிர்ப்பெட்டிக்குள்தான் பார்த்தேன்.

பாரிசுக்குத் திரும்பிய அன்றே குணத்திடம் போனேன். அவன் எழும்பி நின்று துக்கம் விசாரித்தான். நான் நேரே கேட்டேன்.

"நீர் என்ன எண்ணெய் ஊத்தினனீர்?"

"ஏன் அண்ணி? நல்ல எண்ணெய்தான்."

"எண்ணெய் பசை மாதிரி இறுகிப்போச்சுது குணம். வான் பிடிக்கேல்லை."

"பாட்டரி பழசா இருந்திருக்கும். எண்ணெய் எண்ணெய்தானே அண்ணி, அதிலை என்ன?" பிறகு, என்னை ஆறுதல்படுத்துகிறவன்போல, "அது அவரின்ர விதி. எண்ணெயோடை சேர்த்துக் கதையாதேங்கோ" என்றான்.

அவன் "பிழை விட்டிட்டன் அண்ணி" என்று அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் அங்கேயே இருந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். செத்துப்போன மனிதனின் தலையில் விதியைப் போட்டுவிட்டுத் தான் தப்பிக்கொண்டான். என் அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு வந்து பந்தியில் இருந்து, வடையை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான்தான் பரிமாறினேன். உன் அப்பா இரவில் என்னிடம், "இஞ்சேரும், அவன் என்ர சித்தப்பாவின்ர பொடியன். விடும்" என்றார். அந்தப் போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

அடுத்த குளிர்காலம் குணத்துக்கு நல்ல காலமாக வந்தது. ஓல்னே-சூ-புவாவில் பெரிய கராஜ் எடுத்தான். திறப்புவிழாவுக்கு லாச்சப்பல் கடைக்காரர்கள், வான் ஓட்டுகிற பொடியன்கள், சொந்தபந்தம் என்று எல்லோரையும் அழைத்தான். சாப்பாட்டுத் தட்டுகளுக்கு என்னிடம்தான் சொன்னான். அண்ணியின் ரோல்ஸ் இல்லாமல் விழாவா என்று கேட்டான். நான் சரி என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ரோல்ஸ் சுற்றியதில்லை, ஒன்றுகூட எண்ணெயில் வெடிக்கவில்லை. முதல்நாளே இரண்டு போத்தல்களைப் பெரிய உறைபெட்டிக்குள் வைத்தேன். ஒன்று லாங்கரிலிருந்து வந்தது. மற்றது, என் வானின் புத்தகத்தைப் பார்த்து நானே கடையில் வாங்கிய எண்ணெய்.

ஐயர் பூசை முடித்து, குணம் பட்டுவேட்டியோடு எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தான். நான் தட்டுகளை வைத்துவிட்டு, அதே மேசையில் ஐஸோடு கொண்டுவந்த இரண்டு போத்தல்களையும் இரண்டு கண்ணாடிக் குவளைகளையும் வைத்தேன். "தம்பிமார், சாப்பிட முதல் ஒருக்கா இஞ்சை பாருங்கோ" என்றேன். நான் ஏதோ வாழ்த்துச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கடையில் வாங்கிய எண்ணெயைச் சரித்தேன், குவளைக்குள் விறுவிறென்று ஓடியது. மற்றப் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெகு நேரம் கழித்து அது கறுப்புக் களிபோலக் கழுத்துக்குள் இறங்கி அங்கேயே தொங்கியது.

"அண்ணி, என்ன இது?" என்று குணம் சிரிக்கப் பார்த்தான்.

"இது நீ என்ர வானுக்கு ஊத்தினது. குளிருக்கெண்டே இருக்கிற எண்ணெய் எண்டு சொல்லி ஊத்தினது. இதாலைதான் என்ர அப்பாவின்ர முகத்தை நான் குளிர்ப்பெட்டிக்குள்ளை பார்த்தனான்" என்றேன். முதல்முறையாக அவனை நீ என்று கூப்பிட்டேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்த வேண்டியிருக்கவுமில்லை.

வான் ஓட்டுகிற ஒரு பொடியன்தான் முதலில் வாய் திறந்தான். "அண்ணை, எங்கட வானுக்கும் உந்த எண்ணெயோ?" என்று கேட்டான். குணம் என்னவோ சொன்னான், யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேர் வெளியே போய்த் தங்கள் பொனற்றைத் திறந்தார்கள். பிறகு இன்னும் நாலைந்து பேர். பட்டுவேட்டியோடு அவன் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓடினான். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டேன். அப்பா செத்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. அன்றைக்கு இறங்கியது. மூன்றாவதையும் எடுத்தேன்.

அதற்குப் பிறகு லாச்சப்பல் வான்கள் அவனிடம் போகவில்லை. அடுத்த கோடைக்கு முன்பே ஓல்னே கராஜ் மூடிக்கிடந்தது. இப்போது வில்லியே லே பெல்லில் வேறொருவரிடம் சம்பளத்துக்கு நிற்கிறான், அங்கேதான் நீ போயிருக்கிறாய். உன் அப்பா என்னோடு வெகுகாலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குடும்ப மானத்தைச் சந்தியில் வைத்துவிட்டேன் என்றார். குணத்தின் மனைவி கோயிலில் என்னைக் கண்டால் மறுபக்கத்தால் போவாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவளுக்காக நான் செய்ததைத் திருப்பி எடுக்கவும் மாட்டேன். காலம் போனால் ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறினதாக நானும் சில வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் பெயர் உன் வாயில் வந்தபோதுதான் இல்லையென்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை, கடைகளுக்குச் சாமான்களைப் போட்டுவிட்டு, வில்லியே லே பெல்லுக்குப் போனேன். அவன் ஒரு காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். தலை முழுவதும் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"அண்ணி, பொடியனுக்குத் திறமான எண்ணெய்தான் ஊத்தினனான். புத்தகத்தை விரிச்சுப் பார்த்து, கடைக்குப் போய்ப் புது டப்பா வேண்டி ஊத்தினனான். வேணுமெண்டால் டப்பா இருக்குது, காட்டுறன்" என்றான்.

"தெரியும். இந்த முறை சரியாத்தான் ஊத்தியிருப்பாய். அண்டைக்கு ஏன் புத்தகத்தை விரிக்கேல்லை?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்டைக்கும் எனக்குத் தெரியும் அண்ணி. டிரம்மிலை கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது, அதை முடிப்பம் எண்டு ஊத்திப்போட்டன். ஒருநாளைக்குத்தானே, ஓடிடும் எண்டு நினைச்சனான்." கண்ணைத் துடைத்தான். "இனியாவது விடுங்கோ அண்ணி. உங்கட பிள்ளைக்கு என்ர கையாலை செய்தால் மனம் ஆறும் எண்டுதான் செய்தனான்."

இத்தனை வருடமாக நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அதுதான், ராசா. அதைக் கேட்டால் நெஞ்சு இளகும் என்று நினைத்திருந்தேன். இளகவில்லை. தெரியாமல் செய்தான் என்று நினைக்க எனக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விட்டது. மிஞ்சிக் கிடந்த எண்ணெயை முடிக்கவேண்டும் என்பதற்காக என் அப்பா "வான் வந்திட்டுதோ" என்று கேட்டுக்கொண்டே செத்திருக்கிறார். "ஆறுகிறது உன்ர மனமோ என்ர மனமோ?" என்று கேட்டேன். "விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்து வானில் ஏறினேன்.

ஆகவே இதைச் சொல்கிறேன். உன் காரில் இருப்பது நல்ல எண்ணெய்தான், புது எண்ணெய்தான், உன் மலைக் குளிருக்குப் பொருத்தமானதுதான். ஆனாலும் வடித்துவிடு. அங்கேயே ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், புத்தகத்தில் உள்ள எண்ணெயைக் காட்டி, உன் காசைக் கொடுத்து மாற்று. என்னிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை என் மகனின் எஞ்சினுக்குள் ஊற்றிவிட்டுப் போக அவனை நான் விடமாட்டேன்.

நீ இதை வாசித்துவிட்டு, "சே பா கிராவ், அம்மா" என்று சொல்வாய். பெரிய விஷயமில்லை, நல்ல எண்ணெயை ஏன் வீணாக்கவேண்டும் என்பாய். நீ வளர்ந்த பிள்ளை. கார் உன்னுடையது, எண்ணெயும் உன்னுடையது. வடிக்காவிட்டால் நான் உன்னோடு கோபிக்கமாட்டேன். ஆனால் அந்த எண்ணெய் ஓடி முடியும்வரை அந்தக் காரை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தாதே. ரெயிலில் வா. பாரிசில் லியோன் ஸ்டேஷனில் இறங்கு. எவ்வளவு பனி கொட்டினாலும் நான் வந்து உன்னை ஏற்றிக்கொள்வேன். என் வான் ஒரே திருப்பில் பிடிக்கும்.

உன் அம்மா